கெட்ட சகவாசம்

தாம்பரத்தில் அந்தக் கல்லூரிக்குள் போய் தனசிங் எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஜப்பான் சார் என்று கேட்டால் வாட்ச்மேன்கூட சரித்திரத் துறைக்கு வழி காட்டுவார். எம்.ஃபில்.லுக்கும் ஜப்பான், பிஎச்.டி.க்கும் ஜப்பான். ஜப்பான் என்றால் பர்மா பஜார் டேப் ரெக்கார்டர் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிற பையன்களிடம், நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு என்று ஆரம்பிப்பான். வெள்ளைக்காரன் பீரங்கிக் கப்பலோடு வாசலில் வந்து நிற்கிறான், பக்கத்தில் சீனாவை மென்று துப்பிக்கொண்டிருக்கிறான், நாம் பிழைப்பது எப்படி? குடுமியை வெட்டு, இடுப்புக் கத்தியைக் கீழே போடு, கோட்டு மாட்டு, மாட்டுக்கறி தின்னு, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டு. பிறப்பை வைத்து உசத்தி தாழ்த்தி பேசாதே, படிப்பை வைத்துப் பேசு. தன் காலில் நிற்கத் தெரியாத மனிதர்களை வைத்துக்கொண்டு தன் காலில் நிற்கிற நாட்டைச் செய்ய முடியாது. இந்த இடம் வரும்போது தனசிங்கின் குரல் கொஞ்சம் கரகரக்கும். ஜப்பானுக்காகத்தான் சார் உருகுகிறார் என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஜப்பானாவது மண்ணாவது. அவன் உருகியது தனக்காக. அப்பா சவுரிமுத்து பம்மல் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி இறங்கியே நுரையீரல் கெட்டுச் செத்தவர். அம்மா அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா ரத்தினம் பாவாடை தாவணியோடு அதே கிடங்கில் தோல் சுரண்ட உட்கார்ந்து தம்பியைப் படிக்க வைத்தாள். சுண்ணாம்பு அரித்து அரித்து அவள் விரல் நுனிகளில் நகம் ஒழுங்காக முளைக்கவே இல்லை. தெருவில் முதல் பட்டதாரி, முதல் எம்.ஏ., முதல் டாக்டர் எல்லாமே தனசிங்தான். ஊசி போடாத டாக்டருக்கு எதுக்குடா இவ்வளவு வருஷம் என்று தெரு கேலி செய்தபோதும், ரத்தினம் ஆளுக்கு ஒரு மிட்டாய் வாங்கி வாயை அடைத்தாள்.

அவன் ஆராய்ச்சியில் ஒரு விஷயம் மட்டும் அடிக்குறிப்பாக ஒதுங்கிக் கிடந்தது. ஜப்பானிலும் தோல் பதனிடுகிற ஜனங்களை ஊருக்கு வெளியேதான் வைத்திருந்தார்கள். புது அரசாங்கம் சட்டம் போட்டு அவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று அறிவித்தது. அறிவித்த கையோடு, இவர்கள் எங்களுக்குச் சமமா என்று சில ஊர்களில் மற்றவர்கள் கிளம்பி அவர்கள் குடிசைகளைக் கொளுத்தினார்கள். இதை ஓர் அத்தியாயமாகவே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் வாய்மொழித் தேர்வில் யாராவது, உங்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டிருப்பார்கள். தனசிங் விவரமானவன், பொடி எழுத்தில் நாலு வரியோடு நிறுத்திக்கொண்டான்.

அவன் பிறந்த கிடங்குத் தெருவை ஒட்டினாற்போல ஞானாம்பாள் நகர் என்று மனை போட்டு விற்றார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகம், பாங்கு, பள்ளிக்கூடம் என்று மாதச் சம்பளக்காரர்கள் வாங்கினார்கள். கடைசி மனையைத் தனசிங் வாங்கினான். கடைசி மனை என்பதால்தான் அவனுக்குக் கிடைத்தது. அவன் வீட்டுக்கும் கிடங்குத் தெருவுக்கும் நடுவே ஒரு சந்து. தெருக்காரர்கள் அந்தச் சந்து வழியாக நகருக்குள் நுழைந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவார்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கும் அதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ரத்தினம் தூக்குச் சட்டியில் மாட்டுக்கறிக் குழம்போடு அதே சந்தில் வருவாள். புது வீட்டில் அதைச் சமைப்பதைத் தனசிங் நிறுத்திவிட்டிருந்தான். வாசனை வெளியே போகும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவான். நாக்கு மட்டும் நாகரிகத்துக்கு ஒத்து வரவில்லை.

குடி வந்து இரண்டு வருஷம் ஆகியும் நகரில் ஒரு ஜீவன் அவன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. வாசலில் நின்று சிரிப்பார்கள், பேப்பர் இரவல் வாங்குவார்கள், பையனின் அட்மிஷனுக்கு வழி கேட்பார்கள். உள்ளே வாங்க என்றால், "இப்பதான் சார் காபி ஆச்சு" என்பார்கள். நவராத்திரிக்கு அத்தனை வீட்டுக்கும் குங்குமச் சிமிழோடு அழைக்க வந்த பெண்கள் இவன் வீட்டுக்கு முந்தின வீட்டோடு திரும்பிப் போனார்கள். மனைவி பேபி அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் திரையை இழுத்து விட்டாள். பேரும் புகழும் வேண்டாம், இந்த நகரில் ஒரே ஒரு வீட்டில் தன்னை ‘நம்மவர்’ என்று நினைத்தால் போதும் என்று தனசிங்குக்கு இருந்தது. அதற்காக எதை வேண்டுமானாலும் கொடுக்கத் தயாராக இருந்தான். எதைக் கொடுக்க நேரும் என்று அப்போது தெரியாது.

எண்பத்தெட்டு அக்டோபரில் ஒரு ஞாயிறு சாயந்திரம் நலச்சங்கச் செயலாளர் தோத்தாத்ரி அவனைத் தேடிக்கொண்டு வந்தார். கணக்குத் துறையில் ஓய்வு பெற்றவர், நெற்றியில் பளிச்சென்று ஸ்ரீசூர்ணம். வாசலிலேயே நின்றார்.

"சார், ஒரு சின்ன மீட்டிங். எங்காத்து போர்டிகோலதான். நீங்க இல்லாம முடிவு பண்றதாயில்லை."

போர்டிகோவில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தோத்தாத்ரியின் மனைவி வேதா எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டு வந்தாள். தனசிங்குக்கு மட்டும் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ். புரொபசருக்கு விசேஷ மரியாதை என்று எடுத்துக்கொண்டான். சரித்திரம் படித்தவன் ஒருவன் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டுமானால் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

விஷயம் சந்துதான். ஆடு உள்ளே வருகிறது, குடித்துவிட்டு வருகிறார்கள், ஒரு சைக்கிள் காணாமல் போயிற்று. சந்தின் வாயில் ஆளுயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டால் தொல்லை ஒழியும். ஆனால் அந்தச் சுவரைத் தனசிங்கின் காம்பவுண்டோடுதான் இணைக்க வேண்டும். அவன் முடியாது என்றால் முடியாது.

"நீங்க தப்பா எடுத்துக்கப்படாது சார்" என்றார் தோத்தாத்ரி. "உங்களவா சில பேர் அங்க இருக்கா. ஆனா நீங்க வேற, அவா வேற. நீங்க நம்மாத்து மனுஷா மாதிரி. ஜப்பான் பத்தியெல்லாம் ரிசர்ச் பண்ணினவர். நீங்களே சொல்லுங்கோ, நாகரிகமா வாழணும்னா என்ன வழி?"

நம்மாத்து மனுஷா. தனசிங்குக்குக் காது குளிர்ந்தது. இரண்டு வருஷமாகத் தவம் கிடந்த வார்த்தை. ‘அங்கே இருப்பது என் அக்கா, சார்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், மீட்டிங் முடிந்திருக்கும். சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

நன்றாகத்தான் பேசினான். நாகரிகம் என்பது ஓர் ஏணி, காட்டுவாசி கீழே, அரைகுறை நடுவே, முன்னேறியவன் மேலே என்று அக்கால ஜப்பானியர் எண்ணியதை விளக்கினான். அவர்களில் சிலர் ஒரு கட்டத்தில் துணிந்து சொன்னதைச் சொன்னான். சீனாவும் கொரியாவும் எங்களுக்கு அண்டை வீடுதான், ஒரே எழுத்து, ஒரே சாமி, எல்லாம் சரி. ஆனால் அவர்கள் திருந்துவதாக இல்லை. அக்கம்பக்கம் சரியில்லாத வீட்டை எவனும் மதிக்க மாட்டான். அவர்கள் திருந்தும்வரை காத்திருந்தால் நாமும் சேர்ந்து மூழ்குவோம். ஆசியா என்ற அந்தச் சகவாசத்தை மனசால் விட்டு விலகு.

"விலகினார்கள், பிழைத்தார்கள்" என்று முடித்தான். "ஈவிரக்கமில்லாத பேச்சுதான். ஆனால் சரித்திரத்தில் இரக்கத்தால் யாரும் மேலே வந்ததில்லை."

கைதட்டினார்கள். தோத்தாத்ரி எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

சொல்லாமல் விட்டதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலகிய ஜப்பான் சும்மா விலகவில்லை, அப்புறம் அதே அண்டை வீட்டு முற்றத்தில் பூட்ஸ் காலோடு ஏறி மிதித்தது. இதை ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயத்தில் அவனே எழுதியிருக்கிறான். மேலே ஏறி வந்தவனை வெள்ளைக்காரன் பக்கத்தில் உட்கார வைத்தானா என்பதும் அவனுக்குத் தெரியும். எல்லா இனமும் சமம் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்று ஜப்பான் உலக சபையில் கேட்டு நின்றபோது, வெள்ளைக்கார நாடுகள் கூடிப் பேசி அந்த வரியை விழுங்கிவிட்டன. வருஷா வருஷம் மூன்றாம் பருவத்தில் நடத்துகிற பாடம். அன்றைக்கு மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

சுவர் இடுப்பளவு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை. ரத்தினம் அந்தப் பக்கம் தூக்குச் சட்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாடா தம்பி எயுப்புறீங்க?"

"சுவர்தான்க்கா. திருட்டு பயம்னு சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க."

"யாரு திருடினாங்க?"

கொத்தனார் கரண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார்.

"நீ வேணாம்னு சொல்லலியா?"

"நான் ஒருத்தன் சொல்லி என்னக்கா ஆகும்?"

ரத்தினம் அதை நம்பினாள். தம்பி பொய் சொல்லுவான் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. "அதுவும் சர்தான். இருக்கறவன் வெச்சதுதான் சட்டம். நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லி, சட்டியைச் சுவருக்கு மேலாக நீட்டினாள். "இன்னிக்கு வாங்கிக்க. அடுத்த வாரத்துலேர்ந்து மெயின் ரோட்டால சுத்திகினு வரேன்."

அடுத்த வாரம் வரவில்லை. முழங்கால் வீங்கியிருந்தது. மெயின் ரோடு சுற்றி வந்தால் ஒன்றரை மைல். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வெட்கக்கேட்டை மறைத்து என்ன ஆகப்போகிறது, தனசிங்குக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. ஜன்னலைச் சாத்துகிற வேலை மிச்சம். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேபி சொன்னபோதெல்லாம் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு ஒன்று அவன் கையில் இருந்தது. சங்கத்தில் அவனை இணைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். சுவர் வந்ததிலிருந்து வேலைக்காரப் பெண்கள் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். அதற்கும் நகர்ப் பெண்கள் அவர்களையே வைதார்கள்.

டிசம்பர் வந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நகரின் எல்லா வீட்டுக்கும் பலகாரம் கொடுப்பது என்று தனசிங் தீர்மானித்தான். இதுவரை தைரியம் வந்ததில்லை. இப்போது இணைச் செயலாளர், நம்மாத்து மனுஷன். கேக் கூடாது, அதில் முட்டை இருக்கிறது, யாருக்கும் சாக்கு கிடைத்துவிடக் கூடாது. கல்கலும் முறுக்கும் அதிரசமும் போதும். பலகாரத்துக்கென்று புது வாணலி, புது ஜல்லிக்கரண்டி, ஊத்துக்குளி நெய் எல்லாம் வாங்கினான். குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்று பேபியிடம் சொன்னான்.

"நான் என்னைக்குக் குளிக்காம சமைச்சேன்?" என்றாள் பேபி.

"அதுக்கில்ல. கேட்டா சொல்லலாம்ல."

பேபி அவனை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தும் செய்தாள். கல்கல் மாவில் தேங்காய்ப்பால் விட்டு, கொஞ்சம் சோம்பு தட்டிப் போடுவது அவள் கை. வேறு எந்த வீட்டிலும் அந்த வாசனை வராது. மூன்று நாள் முதுகு ஒடியச் சுட்டாள்.

"ரத்தினம் அண்ணிக்குத் தனியா எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகும் முதல் தட்டு சந்து வழியாக அண்ணிக்குப் போவதுதான் வழக்கம்.

"முதல்ல இங்க முடியட்டும். அக்கா எங்க போயிடப் போறா? மிச்சத்துல கொண்டு போய்க் கொடுக்கலாம்."

மிச்சம் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று காலையில் தனசிங் புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பேபி தட்டுகளை ஏந்திக்கொண்டு பின்னால் வர, வீடு வீடாகப் போனான். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர்கூட மறுக்கவில்லை. தோத்தாத்ரி இரண்டு கையாலும் வாங்கி, "மேடத்துக்கு ரொம்ப சிரமம்" என்றார். வேதா உள்ளே போய்த் தட்டைக் கழுவி, வெறும் தட்டாகத் தரக்கூடாது என்று சர்க்கரை போட்டுத் திருப்பினாள். ஒவ்வொரு தட்டும் அப்படியே சர்க்கரையோடும் வாழைப்பழத்தோடும் திரும்பி வந்தது. முறை தெரிந்த மனிதர்கள்.

அன்று ராத்திரி தனசிங் நாற்காலியில் சாய்ந்தான். சாயந்திரம் தெருமுனையில் பார்த்த பாங்குக்காரர் வேறு, "கல்கல் ஏ ஒன் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ரொம்ப வருஷத்துக்குப் பிறகு நெஞ்சில் பாரம் இல்லாமல் மூச்சு விட்டான். அப்பாவை நினைத்துக்கொண்டான். கொஞ்சம் அழக்கூடச் செய்தான்.

"பார்த்தியா?" என்றான் பேபியிடம். "எல்லாத்துக்கும் ஒரு காலம் வரணும். நாமளும் ஏறி வரணும்."

பேபி தட்டுகளில் வந்த சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் கேட் கிறீச்சிட்டது. ரத்தினம். ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் தூக்குச் சட்டி. மெயின் ரோடு சுற்றி, அந்த முழங்காலோடு நடந்தே வந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை, ஆனால் அப்படி ஒரு மலர்ச்சி. வராண்டா படியிலேயே உட்கார்ந்தாள். பேபி ஓடிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"எதுக்குக்கா இந்தக் காலோட? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேனே."

"வராம எப்டிடா இருப்பேன்? ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. சொவரு எயுப்பினதுலேர்ந்து நீ எட்டிக்கூட பாக்கலியா, தம்பி மறந்துட்டாண்டான்னு மனசு கெடந்து அட்ச்சிகிச்சி. பண்டிக காலைல ஒண்ணும் வரலியா, ஓன்னு அய்துட்டேன்டா." அவள் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். "மத்தியானம் பார்த்தா, நம்ம தனம் இல்ல, தோத்தாத்ரி அய்யர் வூட்ல வேல செய்றாளே, அவ ஒரு பொட்டலம் எடுத்தாந்தா. வேதாம்மா குடுத்துச்சின்னா. புள்ளைங்க பிரிச்சி எனக்கு ஒண்ணு குட்த்தாங்க. வாயில வெச்சேன் பாரு, சோம்பு! பேபி கைன்னு தெரிஞ்சி போச்சி."

பேபியின் கையில் இருந்த செம்பு அப்படியே நின்றது.

"அத்தோட வுட்டியா? பாங்குக்காரு வூட்டு அம்மணி ஒரு பையி. டீச்சரு வூட்ல வேல செய்ற அபிதா ஒண்ணு. அந்த மொத வூட்லேர்ந்து ஒண்ணு. யாரு யாரு இங்க வேலைக்கு வர்றாளோ அவ கையில எல்லாம் ஒரு பொட்டலம். தெருவே தின்னுச்சிடா தம்பி. கெடங்கு வாட்ச்மேன்கூட தின்னாரு. ஒரே ஆளாண்ட குட்த்தா தூக்க முடியாதுன்னு, பிரிச்சி பிரிச்சி வூட்டு வூட்டுக்குக் குட்த்து எங்களாண்ட சேக்கச் சொன்னியா? மூளைக்காரன்டா நீ. சொவருக்கு அந்தாண்ட இருந்தாலும் எந்தம்பி என்னய மறக்கலன்னு தெருல ஒவ்வொருத்தியாண்டயும் சொன்னேன்."

பேபி விருட்டென்று உள்ளே போனாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நெய்யும் புது வாணலியும், குளித்துவிட்டுச் செய்யச் சொன்னதும், வேதா நீட்டிய சர்க்கரைத் தட்டும் தனசிங்கின் மனசில் ஓடின. ஒரு வீடுகூடத் தப்பவில்லை. ‘ஏ ஒன்’ சொன்ன பாங்குக்காரர் வீடும் தப்பவில்லை. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். எதிரே மலர்ந்த முகத்தோடு உட்கார்ந்திருந்த அக்காவைத்தான் தாங்க முடியவில்லை.

"ஆமாக்கா" என்றான். "நான்தான் அனுப்பச் சொன்னேன்."

ரத்தினம் நகமில்லாத விரல்களால் அவன் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்புறம் சட்டென்று கவலையானாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன்டா, எல்லாத்தையும் எங்களுக்கே அனுப்பிட்டியே, இந்தப் பக்கத்து வூட்டுக்காரங்களுக்கு எதுனா குட்த்தியா? நாளு கிழமைல அவங்களுக்குக் குடுக்காம வுட்டா தப்பா நெனைப்பாங்க. அவங்க நடுவுல நீ வாயணும்."

தெருவில் தோத்தாத்ரி பால் பூத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வராண்டாவைப் பார்த்துத் தலையை அசைத்தார். தனசிங்கும் பதிலுக்குத் தலையை அசைத்தான்.

"குடுத்தேன்க்கா."

"துன்னாங்களா?"

"ம். நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க."

"அது போதும்டா" என்று ரத்தினம் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். "கறி ஆறிடும். ஜன்னல சாத்திகினு சாப்புடு."